சென்னையில் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை: முதல் வருஷ மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருவண்ணாமலைப் பக்கத்து ஊரிலிருந்து சென்னைக்கு பி.காம். படிக்க வந்தபோது, பகுதிநேர வேலை தேடி நாலு மாதம் அலைந்தேன். அந்த நாலு மாதத்தில் பதிவுக் கட்டணம் என்று 1,500 ரூபாய் போனது. என் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் ஒரு கடை மேலாளரின் மேஜைக்குள் ஆறு வாரம் கிடந்தது. ஒரு பாடத்தில் அட்டெண்டன்ஸ் குறைந்து தேர்வே எழுத முடியாத நிலைக்கு வந்து, அபராதம் கட்டித் தப்பித்தேன். அதன் பிறகுதான் எனக்குப் பொருந்தும் வேலை அமைந்தது. விடுதிச் செலவை நானே பார்த்துக்கொண்டு டிகிரியை முடித்தேன். அந்த நாலு மாதம் உங்களுக்கு வேண்டாம். என்ன வரிசையில் செய்தால் அலைச்சல் குறையும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

1. வேலையைத் தேடும் முன் டைம்டேபிளை எடுங்கள்

எல்லோரும் முதலில் வேலையைப் பிடித்துவிட்டு, அப்புறம் வகுப்பை அதற்கேற்ப வளைக்கப் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

ஒரு தாளில் திங்கள் முதல் ஞாயிறு வரை கட்டம் போடுங்கள். வகுப்பு, பயணம், சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் நிரப்புங்கள். மீதி இருக்கும் வெள்ளைக் கட்டங்கள்தான் உங்கள் கையில் உள்ள நேரம். சென்னையின் பல கலைக் கல்லூரிகளில் காலை ஷிஃப்ட், மதியம் ஷிஃப்ட் என இரண்டு உண்டு. காலை ஷிஃப்ட் என்றால் மாலை முழுக்க உங்களுடையது. டியூஷன், கடை, டெலிவரி எல்லாம் பொருந்தும். மதியம் ஷிஃப்ட் என்றால் கல்லூரி முடிந்து வெளியே வரும்போதே இருட்டிவிடும். அவர்களுக்குக் காலை நேர வேலையும் வாரக்கடைசி வேலையும்தான் ஒத்துவரும்.

கட்டத்தில் இன்னும் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, விடுதி கேட் மூடும் நேரம். வார்டனிடம் முன்பே பேசி, வேலை நாட்களுக்கு எழுத்தில் அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். இரண்டு, செமஸ்டர் தேர்வு மாதங்கள். நவம்பரும் ஏப்ரலும் வேலைக்கு ஆகாத மாதங்கள் என்று இப்போதே சிவப்பு மையில் வட்டம் போடுங்கள்.

வாரத்துக்கு 18 முதல் 20 மணி நேரம் வரை என் உடம்பு தாங்கியது. 25ஐத் தாண்டிய மாதத்தில்தான் அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. உங்கள் அளவு வேறாக இருக்கலாம். ஆனால் ஓர் அளவை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள், மாதம் நடுவில் முடிவு செய்யாதீர்கள்.

2. காகிதங்களை ஒரே கவரில் சேருங்கள்

வேலை கிடைத்த பிறகு காகிதத்துக்கு ஓடினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். முன்பே தயார் செய்ய வேண்டியவை இவை.

ஆதார்: உங்கள் இப்போதைய செல் நம்பர் ஆதாரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊரில் அப்பா நம்பரைக் கொடுத்துப் பதிந்திருப்பார்கள். இங்கே ஒவ்வொரு ஓடிபிக்கும் அப்பாவுக்குப் போன் போட வேண்டியிருக்கும். ஆதார் மையத்தில் நேரில் போய் மாற்றலாம், நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கீழே வரும் பாதி வேலைகள் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன என்பதால் இதையே முதலில் முடியுங்கள்.

பான் கார்டு: 18 வயது ஆகிவிட்டால், வருமான வரித் துறை இணையதளத்தில் ஆதார் ஓடிபியை வைத்தே இ-பான் எடுக்கலாம். கட்டணம் கிடையாது. கல்லூரி வாசலில் 300, 400 ரூபாய் கேட்பவர்களிடம் போக வேண்டாம். கவனிக்க வேண்டியது ஒன்று: ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே பானிலும் வரும். இனிஷியலில் பிழை இருந்தால் ஆதாரைத் திருத்திவிட்டு அப்புறம் பானுக்குப் போங்கள்.

போனஃபைடு சான்றிதழ்: நீங்கள் அந்தக் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்பதற்கான சான்று. கல்லூரி அலுவலகத்தில் கடிதம் கொடுத்தால் தருவார்கள். துறைத் தலைவர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து என்று சில நாள் இழுக்கும். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள்.

மதிப்பெண் சான்றிதழ்: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு சான்றிதழ்களை அரசின் டிஜிலாக்கர் செயலியில் இறக்கி வையுங்கள். அரசு வெளியிட்டு அதில் வரும் ஆவணம் ஒரிஜினலுக்குச் சமமானது. வேலை கொடுப்பவர் சரிபார்க்க அது போதும்.

இவற்றோடு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு, ஒரு பக்கத்தில் பயோடேட்டா. பகுதிநேர வேலைக்கு நாலு பக்க பயோடேட்டா யாரும் படிப்பதில்லை. உங்கள் பெயர், செல் நம்பர், என்ன படிக்கிறீர்கள், எந்தெந்த நாளில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வர முடியும், தெரிந்த மொழிகள், கணினியில் என்ன தெரியும் என்பவை போதும். நேரத்தை மேலேயே எழுதுங்கள். கடைக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆதார் நகல் கொடுக்கும்போது, முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரை அதன் இணையதளத்திலேயே எடுத்துக் கொடுங்கள். ஜெராக்ஸ் என்றால் குறுக்கே கோடு போட்டு, எந்தக் கடைக்கு, எந்த வேலைக்கு, எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

3. சம்பளத்துக்குத் தனி வங்கிக் கணக்கு

இதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆகவே அழுத்திச் சொல்கிறேன். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், வேறு கல்வி உதவித்தொகை எதுவாக இருந்தாலும், அந்தப் பணம் வரும் கணக்கை வேலைக்குக் கொடுக்காதீர்கள். குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத சேமிப்புக் கணக்கு ஒன்றை வேறு வங்கியில் திறந்து, சம்பளத்தை அதில் வாங்குங்கள். ஆதாரோடு இணைத்த கணக்கை இங்கே மாற்றலாமா என்று புது வங்கியில் கேட்டால் மறுத்துவிடுங்கள். உதவித்தொகை எந்தக் கணக்குக்குப் போகும் என்பது அந்த இணைப்பைப் பொறுத்தது.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. "உன் அக்கவுண்டில் பணம் வரும், எடுத்துக் கொடு, நூற்றுக்கு இவ்வளவு கமிஷன்" என்று ஒருவர் வருவார். அல்லது ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்தால் மாதம் 5,000 என்பார். பெரும்பாலும் அது ஏமாற்றிப் பறித்த பணம் கைமாறும் வழி. பறிகொடுத்தவர் புகார் கொடுத்தால் போலீஸ் முதலில் வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான். கணக்கு முடங்கும், வழக்கில் உங்கள் பெயர் ஏறும். என் விடுதி அறைக்குப் பக்கத்து அறைப் பையன் இதில் மாட்டி, வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு அப்பாவோடு போய்வந்தான். படிப்பை விட்டே போய்விட்டான். யார் கேட்டாலும், நண்பனே கேட்டாலும், கணக்கைக் கொடுக்காதீர்கள்.

4. எந்த வேலை, யாருக்கு

கேட்டரிங். சென்னையில் மாணவர்களுக்கு மிகச் சீக்கிரம் கிடைக்கும் வேலை இதுதான். கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாற ஆள் வேண்டும். ஏஜென்ட் ஒருவர் வாட்ஸ்ஆப் குழுவில் தேதி போடுவார், பெயர் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ நீங்களே வாங்க வேண்டும். எனக்கு அதற்கு 1,200 ரூபாய் ஆனது. மாலை ரிசப்ஷனுக்கு எனக்குக் கிடைத்தது 500 ரூபாயும் சாப்பாடும். மறுநாள் காலை டிபனுக்கும் நின்றால் தனிக் கூலி. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஐந்து மணி நேரம் நடப்பது எளிதல்ல, முதல் இரண்டு நாள் தோள் பிடித்துக்கொள்ளும்.

இந்த வேலைக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிய வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, புரட்டாசியிலும் வருமானம் குறைவு. ஆவணி, தை, வைகாசியில் வரும் பணத்தை அந்த மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். கூலியை அன்றைக்கே கையில் வாங்கிவிடுங்கள். "மூணு பங்ஷனுக்கும் சேர்த்து வாங்கிக்கோ" என்று சொன்ன ஏஜென்டிடம் எனக்கு இன்னும் 1,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. கடைசிப் பந்தி முடியப் பதினொன்று ஆகிவிடும். திரும்ப வண்டி ஏற்பாடு உண்டா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். ஆட்டோவுக்கு 250 கொடுத்தால் அன்றைய கூலியில் பாதி போய்விடும்.

ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட். தி.நகர், புரசைவாக்கம், வண்ணாரப்பேட்டை கடைகளில் ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் கூடுதல் ஆள் எடுப்பார்கள். சீசனுக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்பே நேரில் போய்க் கேளுங்கள். பகுதிநேரம் என்று சொல்லிச் சேர்த்தாலும் தீபாவளி வாரத்தில் காலை முதல் இரவு வரை நிற்கச் சொல்வார்கள். தீபாவளி முடிந்த கையோடு செமஸ்டர் தேர்வு வந்து நிற்கும். என் அட்டெண்டன்ஸ் போனது இங்கேதான். சேர்ந்தால் எந்த நாளில் எத்தனை மணி நேரம் என்று உங்கள் வார அளவுக்குள் முதலிலேயே பேசிவிடுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவது உங்கள் உரிமை.

டெலிவரி. 18 வயது, ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், பான், வங்கிக் கணக்கு வேண்டும். எல்.எல்.ஆர். வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் உரிமத் தேர்வுக்குப் போக முடியும், எனவே இரண்டு மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செயலியில் காட்டும் தொகை வருமானம் அல்ல. ஒரு மாலைக்கு 50 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டரில் 110 ரூபாய்க்கு மேல் பெட்ரோல். அதோடு ஆயில், பிரேக் ஷூ, டயர். 600 வந்தால் கையில் நிற்பது 450 என்று கணக்குப் போடுங்கள். சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ் டெலிவரியில் நடக்கும் விபத்துக்குச் செல்லுமா என்று இன்சூரன்ஸ்காரரிடம் கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள். மழை மாதமான நவம்பரில் இந்த வேலையே வேண்டாம் என்பது என் கருத்து.

டியூஷன். எனக்கு நிலைத்தது இதுதான், உங்களுக்கும் இதையே முதலில் முயலச் சொல்வேன். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஏழாம் வகுப்புப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன், மாதம் 1,500. அவன் காலாண்டில் நல்ல மார்க் வாங்கியதும் அதே மாடியில் இன்னும் மூன்று பிள்ளைகள் சேர்ந்தார்கள். நாலு பேரையும் ஒரே வீட்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தேன், பயணம் மிச்சம். மாதத்தின் முதல் வாரத்திலேயே கட்டணம் வாங்கிவிடுங்கள். ஆண்டுத் தேர்வு முடிந்தால் ஜூன் வரை வருமானம் இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். புது வீட்டுக்கு முதல் முறை போகும்போது, குறிப்பாகப் பெண்கள், ஒரு தோழியைக் கூட்டிப்போங்கள். முகவரியை அறைத் தோழியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கதவு திறந்திருக்கும் கூடத்தில்தான் பாடம் என்று முதலிலேயே சொன்னால் நல்ல பெற்றோர் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஜெராக்ஸ் கடை, டிடிபி வேலை, மருந்துக்கடையில் பில் போடுவது போன்றவையும் உண்டு. சம்பளம் குறைவு, ஆனால் கூட்டம் இல்லாத நேரத்தில் படிக்கலாம்.

5. எங்கே தேடுவது

கல்லூரியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்கு நடந்து தேடுங்கள். கடை வாசலில் "ஆட்கள் தேவை" என்று ஒட்டியிருப்பார்கள். காலை பதினொரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் முதலாளிக்குப் பேச நேரம் இருக்கும், ஆறு மணிக்கு மேல் போனால் விரட்டிவிடுவார்கள். சீனியர்களிடம் கேளுங்கள், அவர்கள் மூன்றாம் வருஷம் முடித்துப் போகும்போது அந்த இடம் காலியாகும். எனக்கு டியூஷன் கிடைத்தது அப்படித்தான்.

அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்கும், தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்துக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே வருபவை பெரும்பாலும் முழுநேர வேலைகள். கடைசி செமஸ்டரில் பயன்படும்.

6. உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், ஐடி கார்டு கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று பெயர்தான் மாறும். நான் 1,500 கட்டிய அலுவலகத்தில் குளிர்சாதனம், வரவேற்பறை எல்லாம் இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் போனால் பூட்டிக் கிடந்தது.

வீட்டிலிருந்தே டைப்பிங் என்று வருவது இன்னொரு வகை. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள், நூற்றுக்கணக்கான பக்கம் கொடுப்பார்கள், முடித்துக் கொடுத்ததும் "பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், அபராதம் கட்டு" என்பார்கள். வாட்ஸ்ஆப்பில் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வரும். பயந்து ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

டெலிகிராமில் வரும் லைக் போடும் வேலை, ஓட்டலுக்கு ஸ்டார் கொடுக்கும் வேலை மூன்றாவது. முதல் நாள் நிஜமாகவே 150, 200 ரூபாய் அனுப்புவார்கள். நம்பிக்கை வந்ததும் "முதலில் 2,000 போடு, 2,800 எடு" என்று ஆரம்பிக்கும். அங்கிருந்து போகும் பணம் திரும்பாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு.

அப்புறம், ஒரிஜினல் சான்றிதழ். சேரும் நாளில் என்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு, வேலையை விட்டு நின்ற பிறகு "இன்னும் ஒரு மாதம் வேலை செய்தால்தான் தருவோம்" என்றார்கள். அந்த நேரத்தில்தான் உதவித்தொகை சரிபார்ப்புக்குக் கல்லூரியில் ஒரிஜினல் கேட்டார்கள். துறைப் பேராசிரியர் நேரில் வந்து பேசிய பிறகே கிடைத்தது. ஒரிஜினலைக் காட்டலாம், கையில் கொடுத்துவிட்டு வரக் கூடாது. வற்புறுத்தினால் அந்தக் கடையை விட்டு வாருங்கள்.

7. சேரும் முன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

சம்பளம் மணிக்கணக்கிலா, நாள் கணக்கிலா, மாதக் கணக்கிலா? எந்தத் தேதியில் கைக்கு வரும்? முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைப்பார்களா? சீருடைக்குப் பிடித்தம் உண்டா? ஒரு நாள் வராவிட்டால் எவ்வளவு வெட்டுவார்கள்? நிற்பதென்றால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்? இத்தனையும் கேட்டுவிட்டு, அன்று இரவே மேலாளருக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: "சார், நீங்கள் சொன்னபடி திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 5 முதல் 9 வரை, மாதம் இவ்வளவு, சம்பளம் 5ஆம் தேதி. நாளை முதல் வருகிறேன்." அவர் சரி என்று பதில் போட்டால் அதுவே உங்கள் கையில் உள்ள அத்தாட்சி. மாணவர்களுக்கு யாரும் முத்திரைத் தாளில் எழுதிக் கொடுப்பதில்லை, இந்த ஒரு செய்திதான் பின்னால் உதவும்.

பெரிய கடைகளில் சம்பளத்திலிருந்து பி.எப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) பிடிப்பார்கள். பி.எப். பிடித்தால் உங்கள் பெயருக்கான யூஏஎன் என்ற பி.எப். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த வேலைக்கும் அதே எண்தான். இ.எஸ்.ஐ.யில் உங்கள் பங்கு 0.75 சதவீதம் மட்டும். சம்பளத்தில் டிடிஎஸ் என்று வருமான வரி பிடித்தால் பதறாதீர்கள். உங்கள் ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் வராது என்பதால், நிதியாண்டு முடிந்ததும் ஜூலைக்குள் ரிட்டர்ன் போட்டால் திரும்பக் கிடைக்கும். அதற்கும் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும்.

8. முதல் மாதம்

சின்ன நோட்டு ஒன்று வாங்கி, வந்த நேரம், போன நேரம், கையில் வாங்கிய பணம் மூன்றையும் தினமும் எழுதுங்கள். மாதக் கடைசியில் கணக்கு உதைத்தால் நோட்டைக் காட்டிப் பேசலாம். எனக்கு ஒரு முறை ஆறு நாள் சம்பளம் குறைந்தது. நோட்டைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு மாதம் முடிந்ததும் உட்கார்ந்து கழித்துப் பாருங்கள். வந்த பணத்திலிருந்து பயணம், வெளிச்சாப்பாடு, உடை போக எவ்வளவு நிற்கிறது? வெள்ளைப் பலகைப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆண்களுக்கு மாதச் சீசன் டிக்கெட் எடுத்தால் குறையும். அப்படியும் கையில் 2,000கூட நிற்கவில்லை என்றால் அந்த வேலையைத் தொடர்வதில் பொருளில்லை, பக்கத்தில் வேறு பாருங்கள்.

தேர்வு அட்டவணை வந்த அன்றே அதன் ஒரு நகலை மேலாளர் கையில் கொடுத்து விடுப்பு கேளுங்கள். மூன்று வாரம் முன்பு கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். முதல் நாள் இரவு போன் செய்தால் கோபம்தான் வரும். டியூஷன் பெற்றோரிடம், தேர்வுக்கு முந்தின ஞாயிறுகளில் கூடுதல் வகுப்பு எடுத்து ஈடுகட்டுகிறேன் என்று சொல்லுங்கள். என் நாலு பிள்ளைகளின் அம்மாக்களும் தேர்வு வாரத்தில் என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாதக் கட்டணத்தைக் குறைக்காமல் கொடுத்தார்கள்.